கால் வேகத்தில் மோனிஷா

யோகலட்சுமியின் காபி அன்று காலையில் ஆறிப்போனதற்குக் காரணம் பொதட்டூர்பேட்டை துரைக்கண்ணு. அங்கே லுங்கி நெய்கிற குடும்பங்கள் பத்திருபது சேர்ந்து ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்து வரும். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் பெரிய கை. கூட்டத்துக்குப் பாட்டும் பம்பையும் திருத்தணி நாகேந்திரன் குழு. யோகலட்சுமியின் புருஷன் நாகேந்திரன் பம்பை, அவன் தம்பி விஷ்ணு உடுக்கை, ஆர்மோனியப் பெட்டியும் ஸ்பீக்கரும் துளசிங்கம். பாடுவது யோகலட்சுமி. இதில் மாற்றம் வரும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா யோகா" என்றார் துரைக்கண்ணு. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயத்துக்குத்தானே அப்படி ஆரம்பிப்பார்கள். "இந்த வருஷம் அடிவாரப் பாட்ட சின்னப் பொண்ணு பாடட்டும். பள்ளிப்பட்டுல ஒரு கல்யாணத்துல அது பாடி நம்ம பசங்க கேட்டுகினு வந்தாங்க. அதுலேர்ந்து எல்லாரும் மோனிஷா மோனிஷான்றாங்க."

"இதுல இன்னாண்ணே கீது? எங்க ஊட்டுப் பொண்ணுதானே" என்று யோகலட்சுமி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவர் போனதும் உள்ளே வந்து, ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து இன்னொரு முறை தேய்த்தாள்.

அடிவாரப் பாட்டு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சரவணப்பொய்கையில் முழுகி எழுந்து, காவடியைத் தோளில் ஏற்றுவதற்கு முன்னால், படிக்கட்டின் கீழே நின்று ஒரு பாட்டு பாடுவார்கள். நாகேந்திரனின் அப்பா கட்டிய பாட்டு அது. அதை யார் பாடுகிறார்களோ அவர்கள்தான் மலை உச்சிவரை காவடிகளுக்கு முன்னால் நடக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பின்பாட்டு, பின்வரிசை, பின்னால் வருகிறவர்கள் மிதிக்கிற செருப்பில்லாத கால். கல்யாணமாகி வந்த மறுவருஷத்திலிருந்து அந்த முன்வரிசை யோகலட்சுமியுடையது. அவளிடம் நகை கொஞ்சம்தான், சொத்து ஒன்றுமில்லை. ஊரில் நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்த்ததெல்லாம் அந்த ஒரு காலைப் பொழுதுக்காகத்தான்.

அந்த இடத்துக்கு இப்போது வருகிறவள் யார்? ஓரகத்தி. விஷ்ணுவைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டிலிருந்து வந்து ரெண்டு வருஷம்கூட நிறையவில்லை. விஷ்ணு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. விடிகாலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். மாடியில் அவர்கள், கீழே இவர்கள், சமையல் ஒன்றாக. மோனிஷா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ பூ வாங்கினால் முதல் முழத்தை அக்காவுக்கு நறுக்கித் தருவாள். அவள் அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. நாகேந்திரனை அத்தான் என்னாமல் வாய் நிறைய "பாவா" என்பாள். குறை சொல்ல ஒரு துரும்பு கிடைக்காமல் யோகலட்சுமி தவித்தாள்.

குறை இருந்தால் பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயும் தேடினாள். பாட்டின் முடிவில் "வேலவா" என்று வருகிற இடம். யோகலட்சுமி அந்த "வா"வை நீட்டி நிறுத்துவாள், அவ்வளவுதான். மோனிஷா அங்கே ஒரு கை சுரத்தை அள்ளி வீசுவாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது மேலே போய், சுழன்று, கீழே இறங்கிவிடும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒத்திகையில் முதல் தடவை அவள் அப்படிப் பாடியபோது, பம்பை அடித்துக்கொண்டிருந்த நாகேந்திரன் தலையை ஆட்டி "ஆஹா" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் யோகலட்சுமியின் பாட்டுக்கு "ம்" சொன்னதுண்டு. "சுருதி ஏத்து" சொன்னதுண்டு. பாட்டு முடிந்ததும் "சோறு ஆச்சா" என்று கேட்டதுண்டு. ஆஹா சொன்னதில்லை. அன்று யோகலட்சுமிக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்கு அல்ல. நிஜமாகவே தொப்புளுக்கு மேலே காந்தியது.

அடுத்த ஒத்திகையில் போனை எடுத்துப் பதிவு செய்தாள். "பின்பாட்டுக்கு நானும் பழகணுமில்ல" என்று மோனிஷாவிடம் சொன்னாள். "ஐயோ, நீங்க எனக்குப் பின்பாட்டாக்கா?" என்று அவள் கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சம் வேறு எரிச்சலைக் கிளப்பியது.

பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். பிடி கிடைக்கவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் துளசிங்கத்தின் கடைக்குப் போனாள். கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டு சேர்த்துக் கொடுக்கிற கடை.

"துளசி, ஒரு பாட்ட மெதுவாக்கிக் கேக்க முடியுமா? ஆனா குரல் தடிக்கக் கூடாது. அந்தக் காலத்துல டேப் மெதுவா ஓடுனா பொம்பள குரலு ஆம்பள குரலாயிடும் பாரு, அப்பிடி ஆவக்கூடாது."

"அதெல்லாம் இப்ப போன்லயே கீதுக்கா. சுருதி அப்பிடியே நிக்கும், வேகம் மட்டும் கொறையும். நான்கூட புதுப் பாட்டெல்லாம் அதுல போட்டுத்தான் புடிக்கறேன்." அவன் அவள் போனை வாங்கி அந்த சாப்ட்வேரை ஏற்றினான். திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை இடது பக்கம் தள்ளினால் பாட்டு மெதுவாகும். "யாருக்குக்கா இது?"

"அக்கம்பக்கத்துல ஒரு பொண்ணு கேட்டுது."

"ஒண்ணு சொல்லிடுங்க அந்தப் பொண்ணுகிட்ட. பாதி வேகத்துக்குக் கீழ கொண்டு போவக்கூடாது. போனா அதுல இன்னா ஆவும்னா..."

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நாகேந்திரனின் வண்டி மாதிரியே இருந்தது. யோகலட்சுமி போனைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி ஓடினாள். வந்தவன் வேறு யாரோ.

மத்தியானம் மொட்டை மாடியில், காய்கிற புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள். புள்ளியைப் பாதிக்குத் தள்ளினாள். மோனிஷா மோனிஷாவாகவே இருந்தாள், குரல் துளி மாறவில்லை. ஆனால் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி நிதானமாகப் பாடினாள். "வேலவா" வந்தது. ஏழெட்டு சுரங்கள் வரிசையாக ஏறின, ஒரு சுற்றுச் சுற்றின, வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றும் கழுவி வைத்த தம்ளர் போலச் சுத்தமாக இருந்தது. வேறு எதுவும் இல்லை.

இவ்வளவுதானா? யோகலட்சுமி நம்பவில்லை. இந்தச் சாதாரணத்துக்கா துரைக்கண்ணு காலங்கார்த்தால பஸ் பிடித்து வந்தார்? இதற்கா அந்த ஆஹா? உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள். புள்ளியை இன்னும் தள்ளினாள், கால் பங்கு வேகத்துக்கு.

அங்கே இருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கு அடியிலும் ஒரு நடுக்கம். பொங்கப்போகிற பாலின் மேல் ஆடை நடுங்குமே, அது மாதிரி மெல்லிசாக, விடாமல். யோகலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. "மாட்டிகினியாடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். வேகமாகப் பாடும்போது இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? கமுக்கமாக வைத்திருந்திருக்கிறாள் பள்ளிப்பட்டுக்காரி!

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, அந்த ஒத்திகையிலும் நாகேந்திரன் சொன்ன ஆஹா வந்தது. கால் வேகத்தில் அது முடியவே இல்லை. ஆ என்று திறந்து, வழிந்து, ஹா என்று இறங்கி, கடைசியில் ஒரு மூச்சு. யோகலட்சுமி அதையும் திரும்பப் போட்டுக் கேட்டாள். புண்ணைச் சொறிகிறவர்களுக்குத் தெரியும் அந்த ருசி.

அன்றையிலிருந்து பயிற்சி. குக்கர் விசில் அடிக்கும்போது பாடினாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடினாள். நடுக்கம் லேசில் வருகிற சரக்கில்லை. தொண்டையை இறுக்கினால் இருமல் வந்தது, தளர்த்தினால் ஆடு கத்தியது.

"இன்னா, தொண்ட கட்டிகினுச்சா?" என்று கேட்டான் நாகேந்திரன். "கஷாயம் வெச்சிக் குடி."

கஷாயம் வைத்துக்கொண்டு வந்து நின்றது மோனிஷா. சுக்கு, மிளகு, பனைவெல்லம் எல்லாம் அளவாக. யோகலட்சுமி குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வேதனை.

இதற்கிடையில் தினமும் கேட்டுக் கேட்டு, மோனிஷாவின் குரல் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. "தணிகை"க்கு முன்னால் அவள் மூக்கால் சின்னதாக இழுக்கிற மூச்சு, "மழை" என்று வரும்போது தெலுங்கு நாக்கு ஒரு கணம் தடுமாறுவது, சந்தோஷமாக இருக்கிற நாளில் முதல் அடியை அரை மாத்திரை முந்தி எடுப்பது. கட்டின புருஷன் விஷ்ணுவுக்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. ஒரு மனுஷியின் மேல் பொறாமைப்படுவதைவிட அவளை உற்றுக் கேட்க வேறு நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்க மஞ்சள் துணி, பூக்காவடி, தமிழில் அரோகரா, தெலுங்கில் ஹரோஹரா. பொதட்டூர்பேட்டைக் கூட்டம் பொய்கையிலிருந்து ஈரத்துணியோடு வந்து படியடியில் நின்றது. மோனிஷா மஞ்சள் புடவையில் முன்னால் நின்று பாடினாள். அரை மாத்திரை முந்தி எடுத்தாள். "சந்தோஷமா கீறா" என்று பின்வரிசையில் நின்ற யோகலட்சுமிக்கு உடனே தெரிந்தது. "வேலவா" பறந்துபோய் இறங்கியதும் கூட்டம் அரோகரா போட்டது. தான் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டு படியேறுவது என்ன என்பதை யோகலட்சுமி அன்று தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு படிக்கும் அந்த முதுகை வைதாள், அப்புறம் முருகனிடம் மன்னிப்புக் கேட்டாள், அடுத்த படியில் மறுபடி வைதாள்.

பாதி மலையில் ஒரு மண்டபம். அங்கே காவடிகளை இறக்காமல் நிற்பார்கள். முன்னால் பாடுகிறவர் தண்ணீர் குடிக்க, பின்பாட்டுக்காரர் ஒரு பாட்டு பாடுவார். எந்தப் பாட்டும் பாடலாம், அடிவாரப் பாட்டை மட்டும் திரும்பப் பாடுகிற வழக்கமில்லை. யோகலட்சுமி அதைத்தான் எடுத்தாள்.

நாகேந்திரன் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. நடுக்கத்தை வேகத்தில் கொண்டுவர அவளால் முடிந்திருக்கவில்லை. ஆகவே பாட்டையே மெதுவாக எடுத்தாள். பம்பை ரெண்டு அடி தடுமாறி, பிறகு அவள் பின்னால் மெதுவாக வந்தது. "வேலவா" வந்ததும் வாவை நீட்டி, ஒவ்வொரு சுரமாக இறங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த நடுக்கத்தை விட்டாள்.

பால்குடம் வைத்திருந்த ஒரு அம்மாளுக்கு முதலில் கை நடுங்கியது, பிறகு தோள், பிறகு ஒரே கூச்சலாகச் சாமி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் குடத்தைப் பிடித்தார்கள். துரைக்கண்ணு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யோகா, அடுத்த வருஷம் அடிவாரத்துல நீதாம்மா. சொல்லிட்டேன்."

யோகலட்சுமி மோனிஷாவைத் தேடினாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மோனிஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. அதைப் பார்க்க யோகலட்சுமிக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

சாமி பார்த்து இறங்கும்போது துளசிங்கம் பக்கத்தில் வந்தான். "கலக்கிட்டீங்கக்கா. அந்த நடுக்கத்த எங்க புடிச்சீங்க?"

ஜெயித்தவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. "மோனிஷா பாட்டுக்குள்ளதான் கீது" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நீ ஏத்திக் குடுத்தியே, அதுல கால் வேகத்துக்கு வெச்சிக் கேளு. ஒவ்வொரு சுரத்துக்கும் வுட்டுகினு போறா."

துளசிங்கம் படியில் நின்றுவிட்டான். "கால் வேகமா? ஐயோ அக்கா, அதத்தானே அன்னிக்கிச் சொல்ல வந்தேன், நீங்க ஓடிட்டீங்க. அது மோனிஷா இல்லக்கா. அந்த சாப்ட்வேரு."

"இன்னாடா சொல்ற?"

"அது பாட்ட துண்டு துண்டா வெட்டி, எடைவெளி வுட்டு வெக்கும். காலியா கீற எடத்துல அதே துண்ட திரும்பத் திரும்ப ஒட்டி ரொப்பும். பாதி வரைக்கும் ஒட்டு தெரியாது. அதுக்கும் கீழ இழுத்தா ஒட்டுன எடமெல்லாம் நடுங்கும். யார் பாடுனாலும் நடுங்கும். பம்பைய போட்டாகூட நடுங்கும்." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

மிச்சப் படிகளை யோகலட்சுமி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மாதக்கணக்கில் வயிறு எரிந்தது, மோனிஷாவிடம் இல்லாத ஒன்றுக்காக. இருந்ததோ பாதி வேகத்தில் கேட்ட அந்தச் சுத்தமான ஏழெட்டு சுரங்கள் மட்டும். அது இன்னமும் இவளுக்கு வராது. திருடப் போன வீட்டில் பண்டத்தை விட்டுவிட்டு, சுவரில் விழுந்த நிழலை மூட்டை கட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நிழலுக்குத்தான் சாமி வந்தது, அடுத்த வருஷத்து முன்வரிசையும் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து படுத்தாள்.

மறுநாள் காலையில் மோனிஷா அடுக்களைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. வெங்காயத்தை எடுத்து உரித்தாள், வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? அந்த நடுக்கத்த எனக்குச் சொல்லிக் குடுங்க." இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "நேத்து மண்டபத்துல உங்களப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சிதுக்கா. சாமி மலையில நின்னுகினு, உங்க பாட்டு நின்னு போவணும்னு நெனச்சேன். தப்புதானே?"

யோகலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். இத்தனை மாதமாகத் தன் வாயில் வராத வார்த்தையை இந்தப் பெண் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்! இதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று ஒரு கணம் அதற்கும் பொறாமையாக இருந்தது.

"மொதல்ல உன் 'வேலவா'வ மெதுவா பாடிக் காட்டு" என்றாள்.

மோனிஷா முயன்றாள். நாலாவது சுரத்தில் நின்றுவிட்டாள். மறுபடி முயன்றாள். "மெதுவா வராதுக்கா. வேகமா போனாத்தான் வரும். உள்ள இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது."

யோகலட்சுமி பாடினாள். நடுக்கம் இல்லாமல், பாதி வேகத்தில், மோனிஷா இழுக்கிற அதே மூக்கு மூச்சோடு, ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் வைத்து. மெதுவாகப் பாடும்போது அது வந்தது.

மோனிஷாவின் கை வெங்காயத்தோடு நின்றுபோயிற்று. "இதுவா நான் பாடறது? உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

யோகலட்சுமி அலமாரியிலிருந்து போனை எடுத்து, கோட்டையும் புள்ளியையும் காட்டினாள். துளசிங்கம் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். மோனிஷா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"எத்தினி தடவ கேட்டீங்க?"

"கணக்கு வெக்கல."

"எதுக்குக்கா?"

"நீ நேத்து எரிஞ்ச பாரு, அதுக்குத்தான். எனக்கு சித்திரையிலிருந்து எரிஞ்சிகினு கீது."

மோனிஷா முதலில் விழித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெங்காயக் கை, இன்னும் எரிந்தது. "எங்க ஊட்டுக்காரரு உடுக்கை அடிக்கறதோட சரி, ஊட்ல ஒரு பாட்டகூட முழுசா கேட்டதில்லக்கா. நடுவுல போன் வந்துடும்" என்றாள். "நீங்க பாடுங்க, நான் பதிவு பண்ணிக்கறேன்."

"பண்ணிக்கோ. பாதிக்குக் கீழ மட்டும் கொண்டு போவாத" என்றாள் யோகலட்சுமி. துளசிங்கம் சொன்னதை மறைத்திருந்தால் இவளும் நிழலைத் தேடி அலைந்திருப்பாளே என்று அப்போதுதான் தோன்றியது. சொன்னது சொன்னதுதான்.

ஆனால் பதிவு பண்ண யாரும் போனைத் தொடவில்லை, பேச்சு பாட்டாக மாறிவிட்டது. யோகலட்சுமி சுரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், மோனிஷா பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் சேர்ந்து கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் வேகமாக. ஒரு இடத்தில் யோகலட்சுமி தன்னை அறியாமல் நடுக்கத்தை விட்டாள், மோனிஷா அதன் மேல் தன் சுரத்தைச் சுழற்றி இறக்கினாள். ரெண்டு குரலும் ஒன்றாய் வந்து நின்றன.

கூடத்தில் பம்பைக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நாகேந்திரன், "ஆஹா" என்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாங்க, ஆஹா யாருக்குச் சொன்னீங்க?" என்று யோகலட்சுமி அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

"ஆங்?"

"ஆஹான்னீங்களே. யாருக்கு?"

"பாட்டுக்குத்தான். வேற யாருக்கு?"

யோகலட்சுமி போனைப் பார்த்தாள். அது சமையல் மேடை மேல் அணைந்து கிடந்தது. பதிவாகியிருந்தால் கால் வேகத்துக்கு இழுத்தாவது பார்த்திருக்கலாம். அப்போதும் தெரிந்திருக்காது என்பது அவளுக்கே தெரியும். தொப்புளுக்கு மேலே பழைய இடத்தில் லேசாகக் காந்த ஆரம்பித்தது.

"மோனி, இன்னொருவாட்டி பாடலாம்" என்றாள். "இந்தத் தடவ நீ வாய மூடிகினு இரு."